ஏலக்காரன் வாய்மூடிய காலம்

12 அக்டோபர் 1997, கடப்பாக்கம்

ஐஸ் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். எனக்கு எதற்கு டைரி, நான் என்ன கலெக்டரா என்று அலமாரியில் தூக்கிப் போட்டுவிடுவேன். இன்றைக்கு எடுத்துப் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன். காரணம், என் வாயைக் கட்டிப்போடப் போகிறார்கள்.

செங்கல்பட்டில் தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நரம்பில் கொப்புளம் மாதிரி ஒன்று வளர்ந்திருக்கிறதாம். "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். "கரையில மீன் ஏலம் விடறேன் சார்." "எத்தனை வருஷமா?" "மீசை மொளைச்சதுலேர்ந்து." அவருக்குச் சிரிப்பு. எடுத்துவிடலாம், ஆனால் அதற்கப்புறம் ஒரு மாசம் வாயே திறக்கக்கூடாது என்றார். ரகசியம் பேசுகிற மாதிரிக்கூடப் பேசக்கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். அதற்குப் பிறகும் நோன்புப் பெருநாள் வரைக்கும் சத்தம் போடக்கூடாது.

பேசாமல் நான் எப்படி இருப்பேன்? வாய்தானே என் முதல். பஷீருதீன் கூவினால் ஆலம்பரை கோட்டைச் சுவரில் மேயற ஆடு தலை தூக்கிப் பார்க்கும் என்று ஊரே சொல்லும். மழைக்காலம் வருகிறது, கடலில் வேலை குறைவு, இப்போதே முடித்துவிடு என்கிறாள் பதருன்னிசா. என் பெண்டாட்டிக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

16 அக்டோபர்

சனிக்கிழமை ஆபரேஷன். அதற்குள் கத்த வேண்டியதையெல்லாம் கத்தித் தீர்த்துக்கொள்கிறேன்.

காலையில் வழக்கம்போல வாய்ப்பாடு ஏலம். இது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள வழக்கம், நான் கொண்டுவந்தது. பிள்ளைகள் பல் தேய்த்துவிட்டு வந்து நிற்க வேண்டும். கரையில் விடுகிற மாதிரியே விடுவேன். "ஏழெட்டு! ஏழெட்டு! யாரு கேக்கறது? ஏழெட்டு ஒருதரம்! ஏழெட்டு ரெண்டுதரம்!" மூணுதரம் என்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும். பெரியவன் தௌசிஃப், அஞ்சாவது படிக்கிறான். அவனுக்கு இது கொண்டாட்டம். குதித்துக்கொண்டே சொல்வான், தப்பாகவும் சொல்வான், திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பான். சின்னவள் அலீனா, நாலாவது. சுவரோடு சுவராக நிற்பாள். கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும், உதடு அசையாது. மூணுதரம் என்று நான் கையைத் தட்டினால் அவள் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிவிடும்.

இன்றைக்கு வேண்டுமென்றே லேசாகக் கேட்டேன். "ரெண்டு மூணு எவ்ளோ?" ரெண்டு மூணு! அதற்கும் பதில் இல்லை. "வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்று போட்டேன் ஒரு சத்தம். பதருன்னிசா அடுப்படியிலிருந்து வந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பெண்மேல் நான் கை வைத்ததில்லை. சத்தம் மட்டும்தான். என் அத்தா என்னிடம் போட்ட சத்தம், நான் தௌசிஃபிடம் போடுகிற சத்தம். அவனுக்கு ஏறுகிறதே, இவளுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

17 அக்டோபர், வெள்ளி

ஜும்மா முடிந்து பள்ளிக்கூடம் போனேன். சம்பூர்ணம் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். அலீனாவின் வகுப்பு டீச்சர்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வரல அதுக்கு. எழுப்பி வுட்டா திருதிருன்னு முழிக்குது. ஏப்ரல் பரீட்சை வரைக்கும் பாக்கறேன். தேறலன்னா அஞ்சாவதுக்கு அனுப்ப முடியாது. புத்தி மந்தமான புள்ளைங்களுக்குன்னு செங்கல்பட்டு பக்கம் தனியா ஸ்கூல் கீதாம், கேட்டுப் பாருங்க."

புத்தி மந்தம். என் மகள்.

வருகிற வழியில் என் அண்ணனுடைய கருவாட்டு மண்டியில் உட்கார்ந்து சொல்லி அழுதேன். அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் சுருக்கமான வழி உண்டு. "பொட்டப்புள்ளதானேடா. படிப்பு ஏறலன்னா நிறுத்தி வூட்ல வெச்சுக்க. இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு கீற." நானும், ஏப்ரல் வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் பதருன்னிசா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் தரையில் பட்ட சத்தத்தில் பாதி டீ வெளியில்.

22 அக்டோபர்

ஆபரேஷன் ஆயிற்று. வாய் பூட்டு.

தௌசிஃபின் பழைய சிலேட்டு ஒன்றைக் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டியதை அதில் எழுதிக் காட்ட வேண்டும். பதருன்னிசா படித்துப் பார்த்து, செய்வதைச் செய்கிறாள், செய்யாததை "புரியல" என்கிறாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் பேசவில்லை என்பதால் எனக்குக் காதும் போய்விட்டது என்று வருகிறவர்கள் எல்லாரும் முடிவு பண்ணிவிட்டார்கள். சின்னராசு, எனக்குப் பதிலாகக் கரையில் ஏலம் விடுகிறவன், காலையில் வந்து என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணாத்த! இன்னிக்கி வஞ்சிரம் வந்துச்சு! நல்லா போச்சு!" என்று அலறினான். உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. அடுத்து அவன் என்ன சொன்னான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. காது இருக்கிறது, அவன் பேசுவது கேட்கிறது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் நின்று ஒரு மனுஷனிடம் இப்படியா கத்துவது, நாசமாய்ப் போறவன்!

30 அக்டோபர்

மழை. அலீனா பாடுகிறாள்! கொடியில் துணி எடுத்துக்கொண்டே என்னமோ முணுமுணுத்தாள். இந்தப் பெண்ணுக்குப் பாட வருமா? பதருன்னிசாவிடம் எழுதிக் காட்டினேன். "நீங்க கரைக்குப் போனப்புறம் தெனம் பாடுவா" என்றாள்.

6 நவம்பர்

 இதை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு. குழம்பில் உப்பு இல்லை. சிலேட்டில் "உப்புக் கம்மி" என்று எழுதிப் பதருன்னிசா பக்கம் தூக்கிக் காட்டினேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள், பார்க்கவில்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "உப்புக் கம்மியாம்மா" என்று ஒரு குரல்.

அலீனா.

தௌசிஃப் சோற்றை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டான். பதருன்னிசா கரண்டியோடு திரும்பினாள். என் தொண்டையில் மட்டும் குரல் இருந்திருந்தால், "யா அல்லாஹ், படிக்கிறாளே!" என்று தெருவே ஓடிவரக் கத்தியிருப்பேன். அவளும் அதோடு சுவரில் ஒட்டியிருப்பாள். குரல் இல்லை. அதனால் சும்மா பார்த்தேன். சிலேட்டைத் துடைத்துவிட்டு இன்னொன்று எழுதினேன். "மழை நின்றதும் கரைக்குப் போகலாமா?" அவள் என் தோள்மேல் தாடையை வைத்து, எழுத எழுதவே படித்தாள். கேள்விக்குறி போடுவதற்கு முன்னால், "போலாம். நானும் வரேன்" என்றாள்.

எழுத்துக் கூட்டவில்லை. தடுமாறவில்லை. பேப்பர் படிக்கிற மாதிரிப் படித்தாள்.

எப்போது கற்றாள்? யார் சொல்லிக் கொடுத்தது? எழுந்து கொல்லைக்குப் போய்க் கைகழுவுகிற சாக்கில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

7 நவம்பர்

நேற்று நடந்தது நிஜம்தானா என்று காலையில் மறுபடி எழுதிப் பார்த்தேன். நிஜம்தான்.

15 நவம்பர்

பழைய சிலேட்டு இப்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழெட்டு என்று எழுதினேன். ஐம்பத்தாறு என்று எழுதி நீட்டினாள். பதினாறாம் வாய்ப்பாடு கேட்டேன், அதையும் எழுதினாள். பதினேழை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அதில் ஒன்றை எழுதி நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பத்தையும் ஏழையும் பிரித்துப் பெருக்கிக் கூட்டினாளாம், அப்படி எழுதினாள். இது எனக்கே தெரியாதே!

கருவாடு கட்டி வருகிற காகிதத்தைக்கூட விடுவதில்லை. மீன் வாசனையோடு எடுத்து விரித்துப் படிக்கிறாள். இத்தனை வருஷமாக வாய்ப்பாடு ஏலத்தில் சுவரோடு நின்றுகொண்டே அத்தனையும் உள்ளே வாங்கிப் போட்டிருக்கிறாள்.

என்னை எது பிரமிக்க வைக்கிறது என்றால், இவள் பார்க்கிற விதம். "அம்மாவுக்கு இன்னிக்கித் தலைவலி" என்கிறாள். எப்படித் தெரியும் என்று எழுதிக் கேட்டேன். "அடுப்பு ஊதறப்போ மூச்ச நிறுத்தி நிறுத்தி ஊதுது" என்கிறாள். ஊதாங்குழல் மூச்சை யார் கவனிப்பார்கள்? பதருன்னிசாவிடமும் எழுதிக் கேட்டேன், ஆமாம், காலையிலிருந்து தலைவலி என்றாள். கட்டிக்கொண்ட எனக்குத் தெரியவில்லை.

20 நவம்பர்

டாக்டர் பூட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டார். மெதுவாகப் பேசலாம், கூவக்கூடாது.

வெளியே வருமுன் அலீனா விஷயத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே அன்னியமாக, காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி வந்தது. அவருக்கும் ரெண்டு பிள்ளைகளாம். "சில பிள்ளைங்க அப்படித்தாங்க. மத்த பிள்ளைங்களுக்கு உறைக்காத சத்தம் அதுங்களுக்கு உறைக்கும். கெட்டதை மட்டும் அதிகமா வாங்கறதில்ல, நல்லதையும் அதிகமா வாங்கிக்கும். உங்க பையனைவிட அவதான் சீக்கிரம் மேல வருவா பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் புதுக் குரலில் கேட்டேன். "ஏம்மா, எல்லாம் தெரியுமில்ல? அத்தா கேக்கும்போது ஏன் சொல்லல?"

பாவாடை ஓரத்தை முறுக்கினாள். அப்புறம் சொன்னாள். "கணக்கு உள்ளதான் இருக்கும் அத்தா. உன் சத்தம் வந்து அதும் மேல உக்காந்துக்கும். அப்புறம் எடுக்க முடியாது."

ஒன்பது வயசுக் குழந்தை. என்ன சொல்லிவிட்டாள்! அன்றைக்குச் சின்னராசு என் காதில் அலறினானே, அதற்குப் பெயர் இதுதான். எனக்கு ஒரு நாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்து.

9 டிசம்பர்

வீடு அமைதியானதில் நஷ்டப்பட்டவன் ஒருத்தன் இருக்கிறான். தௌசிஃப். "அத்தா, ஏலம் வுடு அத்தா, போர் அடிக்குது" என்று நச்சரிக்கிறான். சிலேட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தால் ஓரத்தில் போட் படம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். போன பரீட்சையில் எடுத்த மார்க்கேதான் இந்தப் பரீட்சையிலும். கத்தினபோதும் அதே, கத்தாதபோதும் அதே. சிரிப்பும் அதே. அவன் அப்படி.

ஒரே வயிறு, ஒரே சோறு. இன்றைக்கு அண்ணன் மண்டியில் நின்று யோசித்தேன். நெத்திலி ஒரே வெயிலில் காய்ந்துவிடும், கொஞ்சம் விட்டால் தூளாகவும் போய்விடும். சுறாத் துண்டு நாள் கணக்காகக் கிடந்தாலும் அசையாது. அண்ணனுக்கு இது தெரியும். ரெண்டையும் ஒரே பாயில் பரப்பமாட்டார். என் பிள்ளைகளை நான் ஒரே பாயில் பரப்பியிருந்தேன்.

4 ஜனவரி 1998

நோன்பு. அலீனாவும் வைக்கிறேன் என்று அடம். நோன்புக் கஞ்சி ஊற்றுகிற நேரம் வரைக்கும் தாங்கினாள். கஞ்சிக்கு முன்னால் ஒரு கதை சொன்னாள், தானே கட்டின கதை. தௌசிஃப் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். நானும்தான்.

3 பிப்ரவரி

பெருநாள் முடிந்தது. குரல் வந்துவிட்டது!

கரையில் நின்று "சங்கரா! சங்கரா ஒருதரம்!" என்று விட்டேன் பாருங்கள், கட்டுமரக்காரர்கள் கை தட்டினார்கள். சின்னராசு கட்டிப்பிடித்துக்கொண்டான். கொப்புளம் இருந்த காலத்தைவிட இப்போது நன்றாகக் கூவுகிறேன். இனி பொழப்புக்குப் பயமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

9 பிப்ரவரி

அய்யோ. போச்சு.

கரையிலிருந்து அந்தச் சூட்டோடு வீட்டுக்குள் நுழைகிறேன், தௌசிஃப் வேலிக் கதவைத் திறந்துவிட்டதில் ஆடு உள்ளே புகுந்து, காயப் போட்ட நெத்திலியெல்லாம் மிதிபட்டுக் கிடக்கிறது. வந்தது பாருங்கள் கோபம். "எவன்டா கதவத் தொறந்தது, கண்ணு இன்னா பொடனியிலயா கீது!" ஓடு அதிர்ந்தது. தௌசிஃப் சிரித்துக்கொண்டே ஆட்டை விரட்டப் போய்விட்டான். அவன்மேல் போட்ட சத்தம் அவன்மேல் படவே இல்லை.

திரும்பினால், நிலைப்படிக்குள் அலீனா. கையில் படித்துக்கொண்டிருந்த புத்தகம். மூடிவிட்டாள். தோள் ரெண்டும் காது வரைக்கும்.

அவள்மேல் கத்தவில்லையே! அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

12 பிப்ரவரி

சிலேட்டை நீட்டினால் வாங்குகிறாள், ஒன்றும் எழுதாமல் வைக்கிறாள். ரெண்டு மூணு என்று எழுதினேன். வெறும் சிலேட்டு திரும்பி வந்தது.

ஏப்ரல் வந்துகொண்டிருக்கிறது. நிறுத்திவிடுகிறேன் என்று அண்ணனிடம் என் வாயால் சொல்லியிருக்கிறேன். கூவினால்தான் வீட்டில் சோறு. கூவினால் இவள் மூடிக்கொள்கிறாள். நான் எதை வெட்டிப் போடுவது? எனக்கு அந்தக் கொப்புளமே இருந்திருக்கலாம்!

13 பிப்ரவரி

பதருன்னிசாவிடம் அதைத்தான் சொன்னேன், கொப்புளமே இருந்திருக்கலாம் என்று. அவளுக்கு வந்ததே கோபம். "இன்னா பேச்சு இது? கத்தறது உங்க தொழிலு. தொழில கரையிலயே வெச்சுட்டு வாங்க. மீன் கூடையையா வூட்டுக்குள்ள கொண்டாறீங்க?"



20 பிப்ரவரி

ஏலம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. கோட்டைப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், மூச்சு இறங்கின பிறகு வருகிறேன். சின்னராசு, "அண்ணாத்த, ஞானியாயிட்டியா?" என்று கிண்டல் பண்ணுகிறான். போடா.

தௌசிஃபுக்கு வாய்ப்பாடு ஏலம் கரைக்கு மாறிவிட்டது. பள்ளிக்கு முன்னால் என்னோடு வந்து, அலைச் சத்தத்துக்கு மேலே அவனும் கத்தி நானும் கத்தி, கட்டுமரக்காரர்களும் சேர்ந்து கத்துகிறார்கள். அவனுக்கு அதுதான் சோறு.

ஆனால் நான் மனுஷன்தானே, வானத்திலிருந்து இறங்கின மலக்கு இல்லையே. சில சமயம் வீட்டிலும் கத்தாமல் முடிவதில்லை. நேற்று தௌசிஃப் மழைத்தண்ணீர்த் தொட்டிக்குள் நண்டு விட்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் சிலேட்டில் எழுதினேன்: "கத்தப் போறேன். உன்மேல இல்ல." அலீனாவிடம் காட்டினேன். படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டு, "சரி, கத்து" என்றாள்.

வெளியே போய்க் கத்தினேன். பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்தால், அவள் தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.

1 மார்ச்

சிலேட்டில் எழுத்து திரும்பிவிட்டது. இன்றைக்கு அவள் எனக்குக் கணக்குப் போட்டாள், நான் தப்பு விட்டேன்.

2 ஏப்ரல்

பள்ளிக்கூடம் போனேன். சம்பூர்ணம் டீச்சரிடம், பரீட்சைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை என் மகளைத் தனியாக உட்காரவைத்து, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் என்றேன். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அறுபது புள்ளைங்கள வெச்சுகினு நான் எப்டி பாய் மெதுவா பேசுவேன்? என் தொண்டையும்தான் போவுது." நியாயம்தானே. எனக்குத் தெரியாத தொண்டையா? "உங்களுக்கும் கொப்புளம் வரும் டீச்சர், ஜாக்கிரதை" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு மணிக்கு வரச் சொன்னார்.

வாதா மரத்து நிழலில் டீச்சர், அலீனா. நான் தள்ளி நின்றேன். டீச்சர் சின்னக் குரலில் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தார். படித்தாள். எங்கேயும் நிற்கவில்லை. டீச்சர் பக்கத்தைத் தள்ளினார், இன்னும் தள்ளினார். அப்புறம் ஆளை அனுப்பி அஞ்சாவது புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதையும் படித்தாள். கணக்குக் கேட்டார், வாயாலேயே சொன்னாள். டீச்சர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள், டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, இத்தினி நாளா இதெல்லாம் எங்கம்மா இருந்துச்சு?"

"இங்கதான் இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 

பரீட்சை வரட்டும், அஞ்சாவதுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று டீச்சரே சொல்லிவிட்டார். அண்ணன் மண்டிக்குப் போய், "நிறுத்தல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

28 மே 2004

வருஷக்கணக்காக டைரிப் பக்கமே போகவில்லை. பேச வாய் இருந்தால் எழுதுகிறவன் யார்? இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே அலீனாதான் முதல். சமூக அறிவியலில் சுமார்தான், பரவாயில்லை. போன வருஷம் தௌசிஃப் பாஸ் பண்ணினான், இப்போது ஐ.டி.ஐ.யில் எஞ்சினைப் பிரித்துப்போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். தங்கையின் மார்க்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவனும் அவன்தான்.

6 ஜூன் 2004

இப்போதுதான் நடந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாவதில் கணக்கு குரூப் என்றால் மதுராந்தகம் போக வேண்டும். தினம் பஸ், கூட்டம், நெரிசல், கண்டக்டர் விசில், பெரிய பள்ளிக்கூடம், வகுப்பு நிறையப் பிள்ளைகள். இவளால் தாங்க முடியாது என்று நானே முடிவு பண்ணினேன். பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சத்தமில்லாத இடம், ஆனால் அங்கே கணக்கு குரூப் இல்லை. கடைக்கணக்கு எழுதப் பழக்குகிற கணக்குப்பதிவு குரூப்தான். அங்கே போய்ப் பேசி இடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் நல்லதுக்குத்தானே? இத்தனை வருஷம் அவளை அப்படிப் பொத்திப் பொத்தித்தானே வைத்திருக்கிறேன்?

மத்தியானம் மெதுவான குரலில் சொன்னேன். "ஒனக்குத் தோதான எடமா பாத்து முடிச்சுட்டேம்மா."

அவள் எழுந்தாள்.

"யாரக் கேட்டு முடிச்ச?"

அலீனாவின் குரலா அது? தெருவில் சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான்.

"எனக்குக் கணக்கு வேணும்னு தெரியாதா ஒனக்கு? பஸ்ஸு சத்தம் போட்டா நான் செத்துடுவேனா? நான் இன்னா கண்ணாடியா, ஒடஞ்சு பூடறதுக்கு? சத்தம் எப்டி இருக்கும்னு இந்த வூட்ல எனக்குத் தெரியாததா? நான் போவேன். மதுராந்தகம்தான் போவேன். நீ வந்து சேத்து வுடு!"

பதருன்னிசா அடுப்படி வாசலில் வாயில் கை வைத்து நிற்கிறாள். தௌசிஃப் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அத்தா, உன்னயவிட ஜாஸ்தியா கீது அத்தா!" என்கிறான். அலீனாவின் முகம் சிவந்திருக்கிறது. கண் என் கண்ணை நேராகப் பார்க்கிறது. தோள் கீழே, நிமிர்ந்து, அகலமாக. பயம் என்பது எங்கேயும் இல்லை. "இன்னா பேசாம நிக்கற? பதில் சொல்லு!" என்று மறுபடியும் கத்துகிறாள்.

பதில் என்னிடம் இருந்தது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகலாம் என்பதுதான் பதில். சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. சொன்னால் நிறுத்திவிடுவாளே. இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.